சுமப்பவர்களுக்கு ஒரு சுமைதாங்கி

என் சித்தி அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். அதில் எட்டு ஆண்டுகள் தீக்காய வார்டு. டூட்டி முடிந்து வந்தால் நேரே கொல்லைப்புறம் போவார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகம் கழுவி, கால் கழுவி முடிக்கும் வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. அது எங்கள் வீட்டின் எழுதாத சட்டம். பிள்ளைகள் நாங்கள் அதைச் சுத்தம் என்றே நினைத்திருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் அவர் அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அம்மா கொல்லைக் கதவருகே போய், எதிர்வீட்டுத் தாத்தா மதியம் தவறிவிட்டார் என்று சொன்னார். சின்ன வயதில் சித்தியைத் தோளில் தூக்கித் திரிந்தவர் அந்தத் தாத்தா. சித்தி குழாயை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. "சரி. எப்ப எடுக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன்டி, உனக்கு மனசு கல்லாப் போச்சா?" என்று அம்மா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. சித்தி பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் குழாயில் நீட்டினார்.

அன்று காலை அவருடைய வார்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்திருந்தது. பதினொரு நாள் சித்தி தன் கையால் கட்டு மாற்றிய குழந்தை. எங்களுக்கு அது ஒரு வாரம் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

அன்று நாங்கள் சித்தியிடம் பார்த்ததற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழில் பரிவுச் சோர்வு எனலாம். பிறர் துன்பத்தைத் துடைப்பதையே வேலையாகக் கொண்டவர்கள், அந்தத் துன்பத்தை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் உள்ளே வெறுமையாகிவிடுகிறார்கள். "மரத்துப் போச்சு" என்பார் செவிலியர். "பழகிப் போச்சு" என்பார் பிணவறை ஊழியர். வெளியே நின்று பார்க்கும் நமக்கு அது அலட்சியமாகவும் கல்நெஞ்சமாகவும் தெரிகிறது. இரக்கம் தீர்ந்துபோன மனிதர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு எவ்வளவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயர் வந்த வழி

இந்தக் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், சிறுவனாக இருந்தபோது நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். பகலில் தன் சொந்த உளவியல் ஆலோசனைப் பணியைப் பார்த்துவிட்டு, மாலையில் போதைப் பழக்கத்துக்கு ஆளான இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனைக்குப் போய் நள்ளிரவு வரை உழைப்பார். ஒருநாள் குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தன்னையும் தன்னோடு உழைத்த தன்னார்வலர்களையும் கவனித்து 1974-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். முழுக்க எரிந்து சாம்பலாகிப்போன நிலை என்ற பொருளில் அதற்கு 'பர்ன்-அவுட்' என்று பெயரிட்டார். தமிழில் பணிச்சோர்வு என்கிறோம்.

அதை அளக்க வழி செய்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-இல் அவர் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அது மூன்றைப் பார்க்கிறது. உணர்ச்சி வற்றிப்போதல் ஒன்று. எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் வெறும் கேஸாக, பெட் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது இரண்டு. 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் மூன்று.

ஆனால் பணிச்சோர்வு வங்கி ஊழியருக்கும் வரும், மென்பொருள் பொறியாளருக்கும் வரும். அடுத்தவர் காயத்தைத் தொட்டு வேலை செய்பவர்களிடம் அதைத் தாண்டி வேறொன்றும் நடந்தது. 1992-இல் கார்லா ஜாய்ன்சன் செவிலியர் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில்தான் 'பரிவுச் சோர்வு' என்ற சொல் செவிலியர்களைக் குறித்து முதலில் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1995-இல், சார்ல்ஸ் ஃபிக்லி அதை ஒரு நூலாகவே விரித்தார். ஃபிக்லி வியட்நாம் போருக்குச் சென்று திரும்பியவர். போர் வீரர்களின் மனக்காயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அவர்களுக்குச் சிகிச்சை தருபவர்களையும் கவனித்தார். போர்க்களத்தையே பார்த்திராத அவர்களுக்கும் அதே அறிகுறிகள் இருந்தன. கண்ணை மூடினால் காட்சிகள் வந்தன, தூக்கம் கெட்டது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. சில நோயாளிகளைப் பார்க்காமல் தவிர்க்கத் தோன்றியது. காயம், பட்டவரிடமிருந்து கேட்டவருக்குத் தொற்றியிருந்தது.

இதற்குச் சம்பவம் நடந்தபோது நேரில் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் மீதான வன்கொடுமையின் விவரங்களை வழக்குக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் காவலர், உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர் போன்றோருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வரலாம் என்பதை அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் தெளிவாக எழுதியது. பாதிப்பு அறிகுறிகளோடு நிற்பதும் இல்லை. 1990-இலேயே மெக்கானும் பெர்ல்மனும் காட்டியதுபோல, அது உலகத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றுகிறது. குழந்தை வன்கொடுமை வழக்குகளைக் கேட்டுக் கேட்டு வரும் ஆலோசகருக்கு, தன் மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பவே மனம் வராது. விபத்துப் பிரிவில் இருப்பவருக்குப் பிள்ளை பைக் சாவியை எடுத்தாலே நெஞ்சு அடைக்கும்.

அடுத்தவர் வலி உடம்பில் ஏறும் விதம்

பார்த்ததும் கேட்டதும் எப்படி ஒருவரைக் காயப்படுத்தும்? நம் மொழி இதற்கு எப்போதோ விடை வைத்திருக்கிறது. பிறர் துன்பம் கண்டால் வயிறு எரிகிறது என்கிறோம், நெஞ்சு பதறுகிறது என்கிறோம், ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். எல்லாம் உடம்பின் உள்ளுறுப்புகள். மூளை ஆய்வும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

2004-இல் டானியா சிங்கரும் அவருடைய குழுவினரும் லண்டனில் 16 இணையர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பெண் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருப்பார். அவருடைய துணைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவர் கையிலும் சுருக்கென்று வலி தரும் சிறு மின்கருவி. அடுத்த அதிர்ச்சி யாருக்கு என்பதைத் திரையில் தோன்றும் ஓர் அடையாளம் சொல்லும். அதிர்ச்சி தனக்கு வந்தபோது, எதிர்பார்த்தபடியே, பெண்ணின் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் இயங்கின. துணைவருக்கு வந்தபோதும் அவற்றில் சில அப்படியே இயங்கின. முக்கியமாக இரண்டு: முன் இன்சுலா, முன் சிங்குலேட் புறணி. கையில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று காட்டும் தொடுவுணர்வுப் பகுதிகள் மட்டும் தன் வலிக்கே இயங்கின.

இன்சுலா என்பது இதயத் துடிப்பு, மூச்சு, குடல் அசைவு என உடம்பின் உள்நிலைச் செய்திகள் வந்து சேரும் இடம். வயிறு எரிகிறது என்ற பேச்சு வெறும் அலங்காரம் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். பிறர் வலியில் ஊசி குத்திய இடம் நமக்கு வலிப்பதில்லை. ஆனால் 'ஐயோ' என்று பதறும் பகுதி நமக்கே வலித்ததுபோலப் பதறுகிறது. இதுதான் ஒத்துணர்வின் அடித்தளம். மனிதரை மனிதரோடு கட்டிவைத்திருக்கும் கயிறு இது.

இப்போது ஒரு தீக்காய வார்டை நினைத்துப் பாருங்கள். காலையில் கட்டு மாற்றும் நேரம். ஒட்டிக்கொண்ட பஞ்சை உப்புநீரில் நனைத்து நனைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையிலும் அலறல். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை செவிலியரின் மூளையில் அந்த அபாய மணி அடிக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் உடம்பு ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ தயாராகிறது. இதயம் வேகமெடுக்கிறது, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ஆனால் அவர் ஓட முடியாது. கை நடுங்காமல் அடுத்த பஞ்சை எடுக்க வேண்டும். இது ஒரு நாளோடு முடிந்தால் உடம்பு மீண்டுவிடும். வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தூக்கம் கெடுகிறது, செரிமானம் கெடுகிறது, எதிலும் மனம் ஒட்டாமல் போகிறது.

அதனால் மூளை ஒரு தற்காப்பு செய்துகொள்கிறது. 2007-இல் தைவானில் அக்குபங்சர் மருத்துவர்களுக்கும் மற்றவர்களுக்கும், உடம்பில் ஊசி குத்தும் படக்காட்சிகளைக் காட்டி மூளையைப் பார்த்தார்கள். மற்றவர்களிடம் இன்சுலாவும் சிங்குலேட்டும் பதறின. மருத்துவர்களிடம் அந்தப் பதற்றம் தென்படவில்லை. உணர்ச்சியை அடக்கி ஆளும் நெற்றிப்பகுதி இயங்கியது. ஊசி போடும் கை ஒவ்வொரு முறையும் பதறினால் வைத்தியம் நடக்காது, ஆகவே இந்த அடக்கம் தேவையானது. நல்ல அறுவை மருத்துவர் எல்லோரிடமும் இது உண்டு. ஆனால் அடக்கும் அந்தத் தடுப்பு டூட்டி நேரத்தில் மட்டும் மூடி, வீட்டுக்கு வந்ததும் திறக்க வேண்டும். சுமை அளவு மீறினால் அது மூடியபடியே இறுகிவிடும். அப்போது நோயாளியின் அலறல் மட்டுமா கேட்காமல் போகிறது? பிள்ளையின் சிரிப்பும் கேட்பதில்லை. எதிர்வீட்டுத் தாத்தாவின் சாவும் உள்ளே இறங்குவதில்லை. சித்தி குழாயை நிறுத்தாததன் காரணம் இதுதான்.

தவிப்பும் பரிவும்

பிறர் துன்பத்தை உணர்வது இவ்வளவு ஆபத்தென்றால், பரிவே கூடாது என்றுதானே ஆகிறது? பலர் இப்படித்தான் அறிவுரை சொல்கிறார்கள். "எதையும் மனசுல ஏத்திக்காத" என்று மூத்த செவிலியர் புதிதாக வந்தவருக்குச் சொல்வதும் இதைத்தான். ஆனால் ஆய்வு இன்னொரு திருப்பத்தைக் காட்டியது.

மாத்தியு ரிக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் உயிரியல் ஆராய்ச்சியை விட்டுப் பௌத்தத் துறவியானவர். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, துன்பப்படுவோரை நினைத்துப் பரிவுத் தியானம் செய்யச் சொன்னார் சிங்கர். இன்சுலாவும் சிங்குலேட்டும் ஒளிரும் என்று எதிர்பார்த்தார்கள். வேறு பகுதிகள் இயங்கின. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர்களின் நலனை அன்போடு நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் ரிக்கார். அடுத்து, அவர்கள் வலியை மட்டும் அப்படியே உணருங்கள், அன்பு நினைவு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ருமேனியாவில் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றி முந்தைய நாள் பார்த்த ஆவணப்படத்தை அவர் மனதில் கொண்டுவந்தார். எலும்பும் தோலுமாய், ஆடி ஆடி உட்கார்ந்திருந்த குழந்தைகள். இம்முறை வலியின் பகுதிகள் பதறின. நேரம் போகப் போக அவரால் தாங்க முடியவில்லை. பல்லாயிரம் மணி நேரம் மனதைப் பழக்கிய துறவியே முற்றும் களைத்துப்போனார். பிறகு பரிவுக்குத் திரும்பலாம் என்றதும், அதே குழந்தைகள் அதே நிலையில் மனக்கண்ணில் இருக்கும்போதே, களைப்பு விலகியது. அவர்களைத் தூக்கி அணைத்துக்கொள்ளத் தோன்றியதாகச் சொன்னார்.

ஒரு துறவியை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆகவே ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் சாதாரணப் பெண்களை வைத்துப் பயிற்சி ஆய்வு நடத்தி 2013, 2014-இல் வெளியிட்டார்கள். துன்பக் காட்சிகள் கொண்ட படத்துண்டுகளைக் காட்டினார்கள். முதலில் பிறர் வலியை உணரும் பயிற்சி. பங்கேற்றவர்களின் வேதனை கூடியது, வலிப் பகுதிகள் இன்னும் கூர்மையாக இயங்கின. அடுத்து அவர்களுக்கே பரிவுப் பயிற்சி. காட்சிகள் தந்த வேதனை பழைய அளவுக்கு இறங்கியது, நல்லுணர்வு கூடியது. மூளையில் அன்பு, நெருக்கம், நிறைவு ஆகியவற்றோடு தொடர்புடைய வேறொரு வலைப்பின்னல் இயங்கியது.

தவிப்பு, பரிவு என்ற இந்த இரண்டையும் நாம் பேச்சில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். தவிப்பில் அடுத்தவர் வலி என் வலியாகிறது. என் வலியை நான் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஆகவே மனம் விலகி ஓடவே பார்க்கும். பரிவில் கவனம் என்னை விட்டு அவர்மேல் நிற்கிறது. 'இவருக்கு இப்போது என்ன வேண்டும்' என்ற கேள்வி எழுகிறது. தலையணையைச் சரிசெய்கிறோம், வாயை நனைக்கிறோம், கையைப் பிடித்துக்கொள்கிறோம். தவிப்பு ஆளைக் கரைக்கிறது, பரிவு ஆளை நிறைக்கிறது. இதனால்தான் சில ஆய்வாளர்கள் பரிவுச் சோர்வு என்ற பெயரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். களைத்துப்போவது தவிப்புதான் என்பது அவர்கள் வாதம். பெத் ஸ்டாம் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட அளவுகோலும் சோர்வை மட்டும் அளப்பதில்லை. உதவுவதால் கிடைக்கும் நிறைவையும் சேர்த்தே அளக்கிறது. ஒரே செவிலியரிடம் இரண்டும் இருக்க முடியும் என்பதுதான் காரணம்.

கை கட்டப்பட்டவரின் பரிவு

இவ்வளவு தெரிந்ததும் ஒரு சுலபமான முடிவுக்குத் தாவிவிடத் தோன்றும். செவிலியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தால் போயிற்று, யோகா வகுப்பு வைத்தால் போயிற்று. பல நிர்வாகங்கள் இதையே செய்கின்றன. இதை நான் முழுமனதோடு மறுக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் படம் பார்த்தவர்கள் நைட் டூட்டியில் இல்லை. அவர்களுக்கு நாற்பது படுக்கைகள் காத்திருக்கவில்லை. பரிவு என்பது ஏதாவது செய்யத் துடிக்கும் உணர்வு. செய்ய வழியே இல்லாத இடத்தில் அது மறுபடியும் தவிப்பாகிவிடும். ஒருபக்கம் டிரிப் முடிந்து ரத்தம் மேலேறுகிறது, மறுபக்கம் புதிய கேஸ் ஸ்ட்ரெச்சரில் வருகிறது, நடுவே ஒரு பெரியவர் தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் இல்லை. அவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறார். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்தக் குரல் காதில் இருக்கும்.

எது சரி என்று தெரிந்தும், அதைச் செய்ய முடியாமல் அமைப்பு தடுக்கும்போது வரும் வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984-இல் தனியே ஒரு பெயர் வைத்தார். அதை அறத்தவிப்பு எனலாம். நம் நாட்டில் இதற்குக் கண்கூடான சான்று மார்ஃபின். புற்றுநோயின் கடும் வலியை அது அடக்கும், விலையும் மலிவு. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்படும் வரை எத்தனையோ மருத்துவர்களும் செவிலியர்களும், தீர்க்கத் தெரிந்த வலியின் முன்னால் வெறுங்கையோடு நின்றார்கள். இவர்களைத் தியானம் செய்யச் சொல்லி என்ன பயன்?

எண்களும் இதையே சொல்கின்றன. லிண்டா அய்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும் ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடியது. செவிலியரின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே தராசில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஏற்ற தன் புதிய வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோய் என்று எழுதவில்லை. பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியிருக்கிறது. பழுது ஆளிடத்தில் இல்லை, வேலையிடத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே முதல் மருந்து ஆள் நியமனம். வாரவிடுமுறை, ஓயாத நைட் டூட்டிக்கு ஒரு முடிவு, தீக்காயம், அவசரப் பிரிவு, குழந்தைகள் தீவிர சிகிச்சை போன்ற கடினமான வார்டுகளிலிருந்து சுழற்சி முறையில் இடமாற்றம் ஆகியவை அடுத்து வரும். இவை சலுகைகள் ஆகா. ஆக்சிஜன் குழாய் போல மருத்துவமனைக்கு இருந்தே தீரவேண்டியவை.

இறக்கிவைக்க ஓர் இடம்

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அதற்குப் பணம் அதிகம் வேண்டாம், மனம்தான் வேண்டும்.

லண்டனில் 1953-இல் பாதிரியார் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் கேட்கும் தன்னார்வலர்களால் ஆனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் முறை முடிந்த தன்னார்வலர் அப்படியே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அன்றைய பொறுப்பாளரிடம் பேசி, கேட்ட துயரத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வழக்கத்துக்குப் பெயரே 'சுமை இறக்குதல்'. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய சினேகாவும், இப்படித் தன்னார்வலர்கள் செவிகொடுக்கும் மரபில் வந்த அமைப்புதான்.

மைக்கேல் பாலின்ட் 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார். நோயைப் பற்றி அல்லாமல், அந்த நோயாளி தன் மனதில் என்ன கிளப்பினார் என்று அவர்கள் பேச வேண்டும். பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். இறப்பதற்கு முன், செவிலியர்களும் மருத்துவர்களும் தன்னிடம் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தாங்க முடியாததைத் தாங்கவைத்தது என்று எழுதினார். அவர் பெயரில் அமைந்த மையம் தொடங்கிய கூட்டங்களில் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நோயாளி தங்களை எப்படிப் பாதித்தார் என்று பேசுகிறார்கள். தீர்வு சொல்வது அங்கே வேலை இல்லை, கேட்பதுதான் வேலை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவசரப் பிரிவுச் செவிலியர் ஜானதன் பார்ட்டல்ஸ் இன்னும் எளிய ஒன்றைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் குழுவினர் அப்படியே ஒரு நிமிடம் நின்று, போன உயிருக்கும் போராடிய கைகளுக்கும் மௌனமாக மரியாதை செலுத்துகிறார்கள். பிறகுதான் அடுத்த படுக்கை.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி இன்னொரு வழியைக் காட்டியது. சாகும் தறுவாயில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மருத்துவமனைக்குள் நாலு பேர் தலையில் கட்டாமல், ஊர்த் தன்னார்வலர்களிடம் பகிர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் எல்லோரும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். பலர் தூக்கும்போது சுமை யாரையும் நசுக்குவதில்லை.

உதவும் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறதா? நோயாளியின் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா? ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா? வீட்டில் எது நடந்தாலும் தொலைவிலிருந்து பார்ப்பதுபோல இருக்கிறதா? நீங்கள் பலவீனமானவர் இல்லை, வேலைக்குத் தகுதியற்றவரும் இல்லை. நம்பிக்கையான சக ஊழியரிடம் சொல்லுங்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சித்தி ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில், அந்தக் குழந்தையைப் பற்றி நான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெயரைச் சொன்னார். கட்டு மாற்றும்போது அழாமலிருக்க அது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் என்றார். நாற்பது வரை தெரியுமாம், அதற்கு மேல் சித்திதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடைசி நாள் எழுபத்திரண்டு வரை எண்ணியதாம். "இத்தன வருஷத்துல நீதான்டா முதல்ல கேக்குற" என்றார். கல்லாகிப்போனதாக நாங்கள் சொன்ன மனசு அந்த எண்ணிக்கையை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தனியே சுமந்திருக்கிறது.

நம் ஊர்ப் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் பார்க்கலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி வைத்து, இளைப்பாறி, குனியாமலே மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு போகும் உயரம் அது. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கமாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலே போனவளுக்காக, வழிப்போக்கரின் சுமையை இறக்க ஓர் இடம்.

சுமப்பவர் யாரும் அந்தக் கல்லைத் தனக்குத் தானே நட்டுக்கொண்டதில்லை. ஊரார்தான் நட்டார்கள். செவிலியருக்கும் மருத்துவருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் உதவி எண்ணில் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும் அதை நடவேண்டியவர்கள் அரசும் மருத்துவமனை நிர்வாகங்களும், அவர்கள் கையில் நம் உயிரைக் கொடுக்கும் நாமும்தான். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று அவர் டூட்டி முடிந்து வரும்போது, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.